குழந்தையின் நாய் யாருக்குச் சொந்தம்?

"பொம்மைப் படத்தைப் பற்றி எழுதப் போகிறீர்களாமே தோழர்! எழுதுவதற்கு வேறு பிரச்னையே இல்லையா?" என்று குன்றத்தூரில் ஒரு தோழர் நம்மைக் கேட்டார்.

கேள்வி நியாயமானதுதான். கூலி ஏறவில்லை, வாடகை ஏறுகிறது. ஒப்பந்தத் தொழிலாளி பத்து வருஷமானாலும் ஒப்பந்தத் தொழிலாளியாகவே இருக்கிறார். கழனி வேலை குறைந்து கொண்டே வருகிறது. இந்த நேரத்தில் ஜப்பான்காரர் எடுத்த சிறுபிள்ளைச் சித்திரப் படம் நமக்கு எதற்கு?

பதில் சொல்கிறோம். அதற்கு முன் நம் கண்ணால் கண்ட ஒரு காரியத்தைச் சொல்லிவிடுகிறோம்.

குன்றத்தூர் பஜாருக்குப் பின்னால் ஒரு வரிசை வீடு. எட்டுக் குடித்தனம், ஒரே குழாய். அதில் ஒரு குடித்தனம் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தது. தகப்பனாருக்கு ஒரகடத்தில் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் இரவு ஷிப்டு. தாயாருக்கு டெலிபோன் பூட்டும் கம்பெனியில் பகல் ஷிப்டு. விடியுமுன் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. அவர்களுடைய பத்து வயது மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தாயார் வீட்டில் இல்லை. தகப்பனார் இரவு வேலைக்காகத் தூங்குகிறார். அந்தப் பெண்ணுக்குத் துணை ஒரு பழைய கைபேசி.

சங்க வேலையாக ஒரு மாலை நாம் அங்கே போனபோது அந்தக் குழந்தை வாசற்படியில் உட்கார்ந்து அழுது கொண்டிருந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"என் நாய்க்குட்டி போயிடுச்சு மாமா."

நாம் தெரு முழுதும் தேடினோம். பக்கத்துக் குடித்தனத்து அம்மாள் சிரித்துவிட்டார். "அது போனுக்குள்ள இருக்கிற நாய் தோழர். நீங்க எங்க போய் தேடறீங்க?"

விஷயம் இதுதான். கைபேசியின் காமிராவைத் திறந்து தரையைக் காட்டினால், அந்தச் சிமெண்டுத் தரையின் மேலேயே ஒரு நாய்க்குட்டி நிற்பது போலத் தெரியுமாம். கூப்பிட்டால் ஓடி வருமாம். கட்டிலுக்கடியில் போய் ஒளியுமாம். நாலு மாதமாக வளர்த்த நாய். அந்த விளையாட்டை நடத்திய கம்பெனி லாபம் இல்லை என்று அதை மூடிவிட்டது. நாய் போய்விட்டது.

நாம் பெரிய மனிதர் அல்லவா? அறிவுரை சொன்னோம். "அழாதே அம்மா. அது நிஜ நாய் இல்லை."

குழந்தை நம்மைப் பார்த்துக் கேட்டது: "நிஜம் இல்லேன்னா எனக்கு ஏன் மாமா அழுகை வருது?"

இருபது வருஷமாக மேடையில் பேசுகிறோம். இந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. வெட்கத்தோடு வீடு திரும்பினோம். விஷயத்தைக் கேட்ட ஒரு வாலிபத் தோழர், "இதே கேள்வியை வைத்து ஜப்பானில் ஒரு படம் எடுத்திருக்கிறார்கள், வாருங்கள் பார்க்கலாம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை தோறும் உட்கார்ந்து 26 பாகத்தையும் பார்த்து முடித்தோம். அதைத்தான் இப்போது எழுதுகிறோம்.

படத்தின் கதை

படத்தின் பெயர் டென்னோ காயில். எழுதி இயக்கியவர் மிட்சுவோ இசோ. ஜப்பானின் பொதுத் தொலைக்காட்சியான என்.எச்.கே.யின் கல்விப் பிரிவு 2007 மே மாதம் முதல் டிசம்பர் வரை இதைக் காட்டியது. விஞ்ஞானக் கற்பனைக்காக அந்த நாட்டில் தரப்படும் செய்யுன் விருது 2008-ல் இதற்குக் கிடைத்தது. கதை நடக்கும் காலம் 2020-களில். அதாவது நாம் வாழும் இதே வருஷங்களைத்தான் அவர்கள் அன்றே கற்பனை செய்திருக்கிறார்கள்.

டாய்கோகு என்று ஒரு நகரம். பழைய கோயில்கள், குறுகிய சந்துகள், மேடு பள்ளம். அதே ஊரில் புதுக் கம்பெனிகள், புது யந்திரங்கள். நம் குன்றத்தூரை நினைத்துக் கொள்ளுங்கள். முருகன் கோயில் மலை ஒரு பக்கம், சேக்கிழார் பிறந்த ஊர் என்ற பெருமை ஒரு பக்கம், விடிய விடியக் கம்பெனி பஸ் ஓடுவது ஒரு பக்கம். அப்படி ஓர் ஊர்.

யூகோ என்ற ஆறாம் வகுப்புச் சிறுமி அந்த ஊருக்குக் குடிவருகிறாள். ஏன் வருகிறாள்? தகப்பனாரின் உத்தியோகத்துக்காக. பிழைப்புக்காக ஊர் மாறும் குடும்பம் நமக்குப் புதிதல்ல. அந்த ஊர்ப் பிள்ளைகள் ஒரு விசேஷக் கண்ணாடி அணிகிறார்கள். அதைப் போட்டால் மெய்யான தெருவின் மேலேயே இல்லாத பொருள்கள் இருப்பதாகத் தெரியும். கழற்றினால் மறையும். ஆக்மென்டட் ரியாலிட்டி என்று இங்கிலீஷில் இதற்குப் பெயர். உள்ளதன் மேல் இல்லாததைப் பூசிக் காட்டும் வித்தை என்று வைத்துக் கொள்வோம். யூகோவுக்கு டென்சுகே என்று ஒரு நாய். கண்ணாடி போட்டவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிற நாய்.

அந்த ஊரில் சாச்சி என்ற ஒரு யந்திரம் சுற்றுகிறது. சிரித்த முகம், உருண்டை உடம்பு, "நான் சாச்சி" என்று குழைந்து பேசும். அதன் வேலை என்ன? கணக்குக்கு ஒத்துவராத எதையும் அழிப்பது. பழுதான தெரு என்றாலும் அழிக்கும். பழுதான நாய் என்றாலும் அழிக்கும். பிள்ளைகள் நாயைத் தூக்கிக் கொண்டு ஓடுகிறார்கள். எங்கே ஓடுகிறார்கள்? கோயில் வளாகத்துக்கு. ஏனென்றால் கோயில், பள்ளிக்கூடம், குடியிருக்கும் வீடு ஆகிய இடங்களில் சாச்சிக்கு அதிகாரம் இல்லை. எல்லைக் கோட்டில் வந்து நின்றுவிடும்.

தோழர்களே, இந்த எல்லைக் கோட்டை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். இதற்குத் திரும்ப வருவோம்.

தெருவில் சிதறிக் கிடக்கும் சில துண்டுகளுக்கு அந்தப் பிள்ளைகளிடம் விலை உண்டு. சந்து சந்தாக அலைந்து பொறுக்குகிறார்கள். யூகோவின் பாட்டி நடத்தும் மிட்டாய்க் கடையில் கொடுத்து வேறு மாற்றிக் கொள்கிறார்கள். அறுவடை முடிந்த வயலில் நம் பிள்ளைகள் உதிரி நெல் பொறுக்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி சட்டென்று விளங்கும்.

இந்தக் கண்ணாடி வித்தையை முதலில் உண்டாக்கியது ஒரு கம்பெனி. அது மூழ்கிப் போக, மெகாமாஸ் என்ற பெரிய கம்பெனி எல்லாவற்றையும் வாங்கிக் கொண்டது. யூகோவின் தகப்பனாரே அந்தக் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறார். பழைய கம்பெனி விட்டுப்போன மிச்சங்களில்தான் கதையின் ஆபத்துகள் எல்லாம் இருக்கின்றன. கன்னா என்ற சிறுமி சாலை விபத்தில் செத்துப் போயிருக்கிறாள். கண்ணாடிக்குள் தெரிந்த தெருவும் மெய்யான தெருவும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போனதுதான் காரணமோ என்று அவள் தோழன் தேடி அலைகிறான். உண்மையைச் சொல்ல வேண்டிய பெரியவர்கள் வாயை மூடிக் கொள்கிறார்கள்.

கடைசியில் யூகோ தன் நாயை இழக்கிறாள். கண்ணாடியைப் பறித்து வைத்த தாயார் அவளைக் கட்டிக் கொண்டு, தொட்டால் சூடு தெரிகிறதே, இதுதான் மெய் என்கிறார். நல்ல தாயார். சொன்னதும் உண்மை. ஆனால் குழந்தையின் நெஞ்சில் இருக்கும் வலியும் மெய்தானே? அந்த வலியைப் பொய் என்று தள்ளிவிட முடியாது என்று கண்டுகொண்ட பிறகுதான் அவள் தெளிவு பெறுகிறாள்.

குன்றத்தூர் வாசற்படியில் நாம் செய்த பிழை நமக்கு அப்போதுதான் உறைத்தது. குழந்தையின் அன்பு பொய்யல்ல. அழுகை பொய்யல்ல. அப்படியானால் எது சரியில்லை? மெய்யான அன்பை வைத்த பொருள் வேறொருவன் கையில் இருந்தது. அவன் நினைத்தால் இருக்கும். லாபம் இல்லை என்றால் இருக்காது. இதுதான் சரியில்லை.

காட்ட வேண்டுமானால் பார்த்தாக வேண்டும்

இந்த வித்தை எப்படி நடக்கிறது என்பதைத் தொழிலாளி தெரிந்து கொள்ள வேண்டும். மந்திரம் எதுவும் இல்லை.

கைபேசியின் காமிரா அறையைப் பார்க்கிறது. சுவர் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது, கட்டில் கால் எங்கே என்று புள்ளி புள்ளியாகக் குறித்துக் கொள்கிறது. கைபேசி எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்பதை அதற்குள் இருக்கும் சிறு கருவிகள் அளக்கின்றன. வெளியே போனால் எந்த ஊர், எந்தத் தெரு என்பதை வானத்தில் சுற்றும் செயற்கைக் கோள்களின் சமிக்ஞையிலிருந்து கணக்கிடுகிறது. இவ்வளவையும் சேர்த்து, நாய் நிற்க வேண்டிய இடத்தில் நாயின் படத்தை வரைகிறது. நீங்கள் நகர நகர ஒரு நொடிக்குப் பல தடவை திரும்பத் திரும்ப வரைகிறது.

இதன் அர்த்தம் என்ன? உங்களுக்கு ஒன்றைக் காட்ட வேண்டுமானால், அந்தக் கருவி முதலில் உங்கள் வீட்டைப் பார்த்தாக வேண்டும். பார்க்காமல் காட்ட முடியாது. அது பார்த்தது அந்தக் கைபேசியிலேயே நின்றால் ஒரு கதை. கம்பெனியின் கணக்குக்குப் போனால் வேறு கதை. எது நடக்கிறது என்று பத்து வயதுக் குழந்தைக்குத் தெரியுமா? இரண்டு ஷிப்டு பார்க்கும் தாய் தகப்பனுக்குத்தான் தெரியுமா?

கழனித் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நிலத்தை அளப்பதற்குச் சர்வேயர் சங்கிலியோடு வந்தால் ஊரே கூடி நின்று பார்க்கிறோம். எந்தச் சர்வே எண், யாருடைய அனுபவம், எதற்காக அளக்கிறாய் என்று கேட்கிறோம். சங்கிலியே இல்லாமல், நம் குழந்தையின் கையாலேயே நம் வீட்டையும் தெருவையும் அளந்து போனால் யார் கேட்பது?

இது வெறும் கற்பனை என்று நினைக்க வேண்டாம். 2016 ஜூலையில் போகிமான் கோ என்ற விளையாட்டு வந்தது. தெருவில் நடந்து போய், கைபேசி வழியாகப் பார்த்து, விந்தைப் பிராணிகளைப் பிடிக்க வேண்டும். அமெரிக்காவின் நியான்டிக் கம்பெனி செய்தது. உலகம் முழுதும் பிள்ளைகளும் பெரியவர்களும் பித்துப் பிடித்தாற்போல் நடந்தார்கள். நடந்தது நல்லதுதான். ஆனால் எங்கே நடந்தார்கள்? ஜப்பானில் மெக்டொனால்டு கடைக்காரர்கள் ஒப்பந்தம் போட்டு, தங்களுடைய ஏறக்குறைய 3,000 கடைகளை அந்த விளையாட்டின் முக்கிய இடங்களாக ஆக்கிக் கொண்டார்கள். 2016 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தபோது ரிலையன்ஸ் ஜியோவின் கூட்டோடு வந்தது. ரிலையன்ஸ் கடைகள் விளையாட்டின் முக்கிய இடங்கள் ஆயின. பிராணியைத் தேடிப் போன குழந்தை கடை வாசலில் போய் நின்றது. பார்த்தீர்களா? விளையாட்டு இலவசம். விலைக்குப் போனது விளையாடுகிறவரின் கால்!

அதே 2016 அக்டோபரில் ஜப்பானின் ஐச்சி மாகாணத்தில், பள்ளிக்கூடம் விட்டுத் திரும்பிய 9 வயதுச் சிறுவன் ஒருவன் லாரி மோதிச் செத்தான். லாரி ஓட்டியவர் இந்த விளையாட்டை ஆடிக் கொண்டே ஓட்டியிருக்கிறார். அதன் பிறகுதான் வேகமாகப் போகும் வண்டியில் ஆட முடியாதபடி கம்பெனி கட்டுப்பாட்டை இறுக்கியது. ஒன்பது வருஷத்துக்கு முன் சித்திரப் படத்தில் கன்னா செத்தாள். ஒன்பது வருஷம் கழித்து மெய்யான தெருவில் மெய்யான குழந்தை செத்தது. ஒரகடம் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சைக்கிள் தள்ளிக் கொண்டு பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை உடைய நாம் இதை எப்படி மறப்போம்?

மேலும் கேளுங்கள். ஆடுகிறவர்கள் எடுத்தனுப்பிய இடப் படங்களைக் கொண்டு, பூமியின் இடங்களை யந்திரங்கள் புரிந்து கொள்ளும் பெரிய மாதிரி ஒன்றைக் கட்டுவதாக 2024 நவம்பரில் நியான்டிக் அறிவித்தது. வெறுமனே நடப்பதை எடுக்கவில்லை, தாமே விரும்பி எடுத்தனுப்பியவற்றைத்தான் எடுத்தோம் என்பது கம்பெனியின் வாதம். இருக்கட்டும். அனுப்பியவர்கள் பிராணி பிடிக்கத்தான் வந்தார்கள். உலகத்துக்கு வரைபடம் போடும் கூலியில்லா வேலைக்கு அவர்கள் மனுப் போடவில்லை. 2025-ல் அந்த விளையாட்டுப் பிரிவையே ஸ்கோப்லி என்ற கம்பெனிக்கு 350 கோடி டாலருக்கு விற்றுவிட்டார்கள். அந்த ஸ்கோப்லியோ சவுதி அரேபிய சர்க்காரின் முதலீட்டு நிதிக்குச் சொந்தமானது. பிள்ளைகள் ஒன்பது வருஷம் பிடித்து வளர்த்த பிராணிகள் கூண்டோடு கைமாறின. டாய்கோகு நகரத்து வித்தை கம்பெனி விட்டுக் கம்பெனி மாறியதே, அதே கதைதான்.

இதைச் செய்யும் கை யாருடையது?

கைமாறுவது என்றால் என்ன என்று ஸ்ரீபெரும்புதூருக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

2006-ல் நோக்கியா தொழிற்சாலை இங்கே உற்பத்தி தொடங்கியது. டென்னோ காயில் ஜப்பானில் ஓடிய 2007-ல், நம் ஊர்ப் பெண் பிள்ளைகள் இங்கே கைபேசி பூட்டிக் கொண்டிருந்தார்கள். 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசி வியாபாரத்தை மைக்ரோசாப்ட் வாங்கியது; ஸ்ரீபெரும்புதூர் ஆலையை வாங்கவில்லை. அந்த வருஷம் நவம்பர் 1-ந் தேதி ஆலை நின்றது. ஆயிரக்கணக்கான வாலிபர்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்களும் அழுதார்கள். "அது வெறும் வேலைதானே" என்று யாராவது அவர்களிடம் சொல்லியிருந்தால் நாம் விட்டிருப்போமா? அப்படியிருக்க, "அது வெறும் நாய்தானே" என்று ஒரு குழந்தையிடம் எப்படிச் சொன்னோம்?

பாக்ஸ்கானும் இங்கே இருக்கிறது. ஆப்பிள் கம்பெனியின் ஐபோன்கள் இன்று ஸ்ரீபெரும்புதூரில் பூட்டப்படுகின்றன. இல்லாததை இருப்பதாகக் காட்டும் வசதி 2017 முதல் ஐபோன்களில் இருக்கிறது. ஆகவே, உலகத்தின் எந்த மூலையிலோ ஒரு குழந்தை கைபேசியைத் தூக்கிப் பிடித்து நாய்க்குட்டியைப் பார்க்கிறது என்றால், அந்தக் கைபேசியைப் பூட்டியது வந்தவாசிப் பெண்ணாகவோ, விழுப்புரத்துப் பெண்ணாகவோ இருக்கலாம். அந்தப் பெண்கள் எப்படி வாழ்கிறார்கள்? 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு விஷமாகி 150 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். தோழிகளைக் காணோமே என்று மற்றப் பெண்கள் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அதன் பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியைத் தமிழக சர்க்கார் திறந்தது என்றால், அதற்கு முன்னால் அந்த நெடுஞ்சாலை இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

இன்னொரு விஷயமும் தொழிலாளிக்குத் தெரிய வேண்டும். இந்த வித்தைக்கு இங்கிலீஷ் பெயர் வைத்த இடம் விளையாட்டுக் கடை அல்ல, தொழிற்சாலை! 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் போயிங் விமானக் கம்பெனியில் டாம் காடெல், டேவிட் மைசெல் என்ற இருவர் யோசித்தார்கள். விமானத்துக்குள் போகும் ஒயர்களைத் தொழிலாளிகள் பெரிய பலகைகளில் வரிசைப்படுத்திக் கட்ட வேண்டும். எந்த ஒயர் எங்கே போகிறது என்று ஒவ்வொரு தடவையும் காகிதத்தைப் பார்ப்பதற்குப் பதில், கண்ணெதிரிலேயே கோடு தெரிந்தால் என்ன? அந்த யோசனையிலிருந்துதான் அந்தப் பெயர் பிறந்தது.

நல்ல யோசனை. வேலை சுலபமாகும், தவறு குறையும். புதிதாக வந்த பிள்ளை சீக்கிரம் கற்றுக் கொள்ளும். ஆனால் அடுத்த ஒயரைக் காட்டும் அதே கண்ணாடி, தொழிலாளி எத்தனை நொடி தாமதித்தான், எத்தனை தடவை தலையைத் திருப்பினான் என்றும் எண்ண முடியும். முன்னே மேஸ்திரி முதுகுக்குப் பின்னால் நின்றான். இனி மேஸ்திரி மூக்கின் மேலேயே உட்காருவான்! யந்திரம் ஒன்றுதான். அது தொழிலாளிக்குத் துணையா, மேஸ்திரியா என்பதை முடிவு செய்வது யார் என்பதே கேள்வி.

அந்தக் கண்ணாடியும் தூரத்தில் இல்லை. காமிரா வைத்த ரே-பான் மெட்டா கண்ணாடி 2025 மே மாதம் இந்தியக் கடைகளுக்கு வந்தது. தொடக்க விலை 29,900 ரூபாய். கண்ணாடியிலேயே சிறு திரை வைத்த வகை அதே வருஷம் செப்டம்பரில் அமெரிக்காவில் வந்தது. இன்றைக்கு இது பணக்கார வீட்டுச் சாமான். ஒரு காலத்தில் கைபேசியும் அப்படித்தான் இருந்தது.

சாச்சி நுழைய முடியாத இடம்

அப்படியானால் என்ன செய்வது? கைபேசியைப் பிடுங்கி உடைத்துவிடலாமா?

சிலர் அப்படிச் சொல்கிறார்கள். நாம் ஒப்பவில்லை. உடைத்தால் அந்தக் குழந்தைக்கு மிஞ்சுவது என்ன? பூட்டிய அறை, தூங்கும் தகப்பன், எட்டுக் குடித்தனத்துக்கு ஒரு வாசல். குழந்தையைக் கைபேசிக்குள் தள்ளியது கைபேசியா? இல்லை. தாயை இருட்டும் வரை வரவிடாத ஷிப்டு தள்ளியது. ஓடி விளையாட இடம் வைக்காத வீட்டுமனை வியாபாரம் தள்ளியது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டசபையில் நிறைவேறியது நினைவிருக்கிறதா? தொழிலாளர் எதிர்ப்பால் அதே வருஷம் மே தினத்தன்று அது வாபஸ் என்று அறிவிக்கப்பட்டது. அன்று நாம் காப்பாற்றியது வெறும் நாலு மணி நேரம் அல்ல. ஒரு குழந்தை தாயின் முகத்தைப் பார்க்கும் நேரத்தைக் காப்பாற்றினோம்.

பெரிய மனிதர்கள் சிலர் வேறு விதமாகச் சொல்கிறார்கள்: "பெற்றோர் கவனிக்க வேண்டும்." சபாஷ்! இரவு 2 மணிக்கு யந்திரத்துக்கு முன்னால் நிற்கிறவர், வீட்டில் குழந்தை எந்தப் பொத்தானை அமுக்குகிறது என்று எப்படிக் கவனிப்பார்?

படத்தில் குழந்தைகள் ஓடி ஒளிந்த எல்லைக் கோட்டை இப்போது நினைத்துப் பாருங்கள். சாச்சி நல்லெண்ணத்தால் அங்கே நிற்கவில்லை. "இதற்கு மேல் உனக்கு அதிகாரம் இல்லை" என்று பொதுச் சட்டம் போட்ட கோடு அது. நமக்கு வேண்டியதும் அப்படிப்பட்ட கோடுகள்தான்.

முதல் கோடு, வீட்டைச் சுற்றி. 2023-ல் மத்திய சர்க்கார் கொண்டுவந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் தகவலை எடுக்கப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. குழந்தையைப் பின்தொடர்ந்து கவனிப்பதையும், குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. கம்பெனிகளின் முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் வேறு! சட்டத்தில் விலக்குகளும் இருக்கின்றன. சம்மதம் என்பது இங்கிலீஷில் நாற்பது பக்கம் எழுதி அடியில் ஒரு பொத்தான் வைப்பதாக இருக்கக் கூடாது. எதை எடுக்கிறாய், எங்கே கொண்டு போகிறாய், எப்போது அழிப்பாய் என்று தமிழில், நாலு வரியில் சொல்ல வேண்டும். விளையாட்டை மூடுவதானால் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். குழந்தை வளர்த்ததைக் குழந்தையிடமே விட்டுப் போக வழி செய்ய வேண்டும்.

இரண்டாவது கோடு, பள்ளிக்கூடத்தையும் மைதானத்தையும் சுற்றி. தொழிற்பேட்டைக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் கிடைக்கிறது. அங்கே வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு மைதானத்துக்கு இடம் கிடைக்காதா? குன்றத்தூரிலும் ஒரகடத்திலும் குடியிருப்புக்கு ஒரு மைதானம், ஒரு நூலகம், ஒரு விளக்குக் கம்பம் வேண்டும். தமிழ்ப் பிள்ளையும் பீகார்ப் பிள்ளையும் ஒரிசாப் பிள்ளையும் ஒரே பந்தை உதைக்கட்டும். அவர்களுக்குள் பாஷை தானாக வரும்.

மூன்றாவது கோடு, தாய் தகப்பனின் நேரத்தைச் சுற்றி. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், 50 தொழிலாளர் உள்ள இடத்தில் 6 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் பற்றிப் பேசுகின்றன. ஏழு வயதுக் குழந்தை எங்கே போகும்? பத்து வயதுக் குழந்தை யாரோடு இருக்கும்? பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கும் கம்பெனி பஸ் திரும்பும் நேரத்துக்கும் இடையிலுள்ள அந்த மூன்று, நாலு மணி நேரத்துக்கு எந்தச் சட்டத்திலும் பெயர் இல்லை. அந்த நேரம்தான் கம்பெனிகளின் அறுவடைக் காலம். ஆகவே சங்கங்கள் கோரிக்கைப் பட்டியலில் போனஸோடு இதையும் சேர்க்க வேண்டும்: பள்ளிக்கூடம் விட்ட பின் பிள்ளைகள் தங்க இடம், கவனிக்க ஆள், அதற்கான செலவில் நிர்வாகத்தின் பங்கு.

நாலாவதாக, இந்த வித்தையையே நாம் கைப்பற்றிக் கொள்ள வேண்டும். ஒயர் கட்டும் தொழிலாளிக்காகப் பிறந்த வித்தை அல்லவா? ஐ.டி.ஐ. மாணவன் மோட்டாரைப் பிரிக்குமுன் அதன் உட்புறத்தைக் கண்ணெதிரில் பார்க்கட்டும். அரசுப் பள்ளிப் பிள்ளை இதயம் துடிப்பதை மேஜை மேல் பார்க்கட்டும். ஜப்பானில் பொதுப் பணத்தில் நடக்கும் தொலைக்காட்சிதான் குழந்தைகளை மதித்து இவ்வளவு நல்ல படத்தைக் கொடுத்தது. நம் நாட்டிலும் பொதுப் பணத்தில் குழந்தைகளுக்கு விளையாட்டும் படமும் தமிழில் செய்யலாம். அதை லாபம் இல்லை என்று யாரும் ராத்திரியோடு ராத்திரியாக மூட முடியாது.

கேள்வி கேட்ட தோழருக்கு

"பொம்மைப் படத்துக்கு இடமா?" என்று கேட்ட தோழருக்கு இப்போது பதில் சொல்லிவிட்டோம் என்று நினைக்கிறோம். மெஷினில் அகப்படும் விரலைப் பற்றி எழுதுகிறோம். வயலில் அளந்து கொடுக்கும் கூலியைப் பற்றி எழுதுகிறோம். அந்த விரலும் அந்தக் கூலியும் யாருக்காக? வீட்டில் இருக்கும் குழந்தைக்காக அல்லவா? அந்தக் குழந்தையின் கண்ணுக்கு முன்னால் யார் எதை நிறுத்துகிறார்கள் என்று பார்ப்பது தொழிலாளி வர்க்கத்தின் வேலை இல்லையென்றால், வேறு யாருடைய வேலை?

சென்ற வாரம் மறுபடி அந்த வரிசை வீட்டுக்குப் போனோம். குழந்தையைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "அன்றைக்கு மாமா சொன்னது தப்பு அம்மா. உன் அழுகை நிஜம்தான்" என்றோம்.

அது கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு கேட்டது: "அப்ப நாய மூடினவங்க கிட்ட போய் கேப்பீங்களா மாமா?"

கேட்போம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். தோழர்களே, ஒருவராகப் போய்க் கேட்டால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல. எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும். அடுத்த வாயிற் கூட்டத்தில் மைதானத்தையும் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திய அந்த நாலு மணி நேரத்தையும் கோரிக்கையாக வையுங்கள். குழந்தைக்குக் கொடுத்த வாக்கு அது.